பல் வடிவ கேக் பாப் 30 ரூபாய்னா, உங்க கூலி எங்கே?

கடலூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு அக்கா, "கொஞ்சம் கணக்கு பாருங்க"ன்னு நோட்டை அனுப்பினாங்க. அதில் ஒரு ஆர்டர்: கடைவாய்ப்பல் வடிவத்தில் 50 கேக் பாப், ஒன்று 30 ரூபாய், சிதம்பரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கணும். கேக் தூளை க்ரீமோடு பிசைந்து, பல் மாதிரி பிடிச்சு, குச்சியில் செருகி, உருக்கின வெள்ளை காம்பவுண்டில் முக்கி எடுக்கிற ஐட்டம்.

பல் டாக்டருக்கே ஸ்வீட்டான்னு சிரிக்காதீங்க. அண்ணாமலைநகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி 1980-லிருந்து இருக்கு. மார்ச் 20 உலக வாய் சுகாதார தினம், புது கிளினிக் திறப்புன்னு ஆர்டர் வரத்தான் செய்யும். யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் முளைச்சா, தேங்காய்ச் சில்லைப் பல்லா செருகி கொழுக்கட்டை செய்வாங்க. அந்த மாதிரி விசேஷத்துக்கும் இது பொருந்தும். ஐடியா அருமை. ரேட்தான் தப்பு.

வரவு 1,500. ஒன்றுக்கு 14 ரூபாய்னு பொருள், கேஸ், கவர் சேர்த்து 700. உடைஞ்சது 6, அதில் 84 (பல்லோட வேர்தான் முதல்ல உடையும்). பஸ் 120. கையில் நிற்பது 596. ரொம்ப நல்லா இருக்கேன்னு தோணும். ஆனா பேக்கிங், வடிவம், முக்குறது, பஸ் பயணம் எல்லாம் சேர்த்து 12 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய்கூட முழுசா வரல!

நேரத்தை எது தின்னுது? வடிவம். உருண்டை பிடிக்க ஒரு நிமிஷம், பல்லுக்கு அஞ்சு நிமிஷம். 56 பாப்புக்கு கூடுதலா கிட்டத்தட்ட நாலு மணி நேரம். வாடிக்கையாளர் கேட்டதே அந்த வடிவத்தைத்தான், அதுக்கு மட்டும் காசு வாங்கல.

"வீட்ல சும்மாதானே இருக்கே"ன்னு சொந்தக்காரங்க சொல்ற வார்த்தை ரேட் கார்டுக்குள்ளயும் புகுந்துடுது. என் கருத்து நேரானது: உங்க மணி நேரமும் ஒரு செலவுதான், மைதா மாதிரி. மணிக்கு 100 போட்டாலே அடக்கவிலை 42 வருது. 50-க்குக் கீழ கொடுக்காதீங்க. பேரம் பேசினா ரேட்டைக் குறைக்காம, வடிவத்தைக் குறைங்க. உருண்டை 35, பல் 50. அவங்களே முடிவு பண்ணட்டும்.

"ஜிஎஸ்டி கட்டணுமா சார்?"னு பயப்படுறவங்களுக்கு: கேக்குக்கு 18% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5%. ஆனா தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் மட்டும் விற்று, வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டலைன்னா பதிவே கட்டாயமில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு மட்டும் கண்டிப்பா வேணும். சின்ன அளவில் செய்றவங்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான்.

அப்புறம் அந்த சிதம்பரம் டெலிவரி. போக வர மூணு மணி நேரம். வந்து வாங்கிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா தனியா சார்ஜ் பண்ணுங்க. ஏப்ரல், மே வெயிலில் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் பஸ்ல எடுத்துட்டுப் போகாதீங்க. சிதம்பரம் போய்ச் சேர்றதுக்குள்ள வெள்ளை கோட்டிங் வழிய ஆரம்பிச்சுடும்.