கூத்து மேடையில் அரை மணி நேரம்

மாலை நேரத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் போய்ப் பாருங்கள். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து டீக்கடையில் நிற்பார்கள். ஒரு பக்கம் நம் ஊர்க்காரர்கள். மறுபக்கம் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள். ஒரே உலையின் முன் வேர்வை சிந்துகிறவர்கள்தான். ஆனால், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டதில்லை!

இரண்டு கிதார் வித்துவான்களின் கதையைக் கேளுங்கள்.

ஒருவர் ஜெய்ப்பூர் விசுவமோகன் பட். கிதாரில் கூடுதல் தந்திகள் பூட்டி, "மோகன வீணை" என்று பெயரிட்டு, இந்துஸ்தானி ராகங்களை வாசிப்பவர். மற்றவர் அமெரிக்கரான ரை கூடர். நாட்டுப் பாடல்களிலும், கறுப்பின மக்களின் "புளூஸ்" இசையிலும் ஊறியவர். 1992 செப்டம்பரில் கலிபோர்னியாவில், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் இருவரும் வாசிக்க உட்கார்ந்தார்கள். அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் வாசித்தார், மற்றவர் காது கொடுத்தார், பிறகு பதில் வாசித்தார். 1993-ல் "ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு" என்ற பெயரில் அது இசைத்தட்டாக வந்தது. 1994-ல் கிராமி பரிசு பெற்றது. பட் தம் ராகத்தை விட்டுவிடவில்லை. கூடரும் தம் பாணியை இழக்கவில்லை.

அதில் கடைசி உருப்படி, பிஜித் தீவின் பிரியாவிடைப் பாட்டு. பிஜி என்றால் நமக்கு நெஞ்சு உருகாதா? 1903 முதல் சென்னையிலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தீவு அல்லவா அது? அவர்களுக்காகப் பாரதி கண்ணீர் வடித்தான். அன்று நாம் பிழைக்கப் போனோம். இன்று நம் ஊருக்குப் பிழைக்க வருகிறார்கள்.

"பாஷை புரியாதே!" என்பார்கள் சிலர். அந்த இசைத்தட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது. "நம் கலையே நலிகிறது, அடுத்தவர் பாட்டு எதற்கு?" என்பார்கள் வேறு சிலர். கவலை நியாயமானது. ஆனால், தெருக்கூத்தில் கூட்டம் குறைவதற்கு வெளியூர்க்காரர் என்ன செய்வார்? பாதியில் எழுந்து போகிறவர்கள் நாம்தானே!

ஆகவே, ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. திருவிழாவில் கூத்து தொடங்குமுன், அரை மணி நேரம் அந்தத் தொழிலாளர்களைப் பாடச் சொல்லுங்கள். நம் மத்தளமும் ஆர்மோனியமும் உடன் சேரட்டும். கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். பாடி முடித்தவர்கள், கூத்துப் பார்க்க முன்வரிசையில் உட்காருவார்கள்.

நம் பக்கத்திலும் ஆரணி ஆறு ஓடுகிறது. சந்திப்புதான் பாக்கி!