ஹில்ஸ்பரோ கோரிக்கைச் சாசனம்: மைதானமும் கிளப்பும் ஒரே கையில்

ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பின் ரசிகர்களாகிய நாங்கள் 2025 டிசம்பரில் இந்தச் சாசனத்தை வெளியிடுகிறோம். 1867இல் தொடங்கி, நான்கு முறை இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்ற எங்கள் கிளப், இன்று இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் பட்டியலின் அடியில் மைனஸ் 10 புள்ளிகளோடு நிற்கிறது. அக்டோபர் 24 அன்று திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனதால் 12 புள்ளிகள் பறிபோயின. கொடுக்க வேண்டிய பணத்தைக் காலத்தில் கொடுக்காததற்காக டிசம்பர் 1 அன்று மேலும் 6. இந்தப் பதினெட்டில் ஒரு புள்ளியைக்கூட எங்கள் ஆட்டக்காரர்கள் களத்தில் இழக்கவில்லை.

கிளப் இப்போது விற்பனையில் இருக்கிறது. யாருக்கு விற்பது என்பதை நிர்வாகிகள் முடிவு செய்யட்டும். எந்த நிபந்தனையில் விற்பது என்பதில் எங்களுக்குப் பங்கு உண்டு.

முதல் கோரிக்கை மைதானம் பற்றியது. 1899 முதல் ஹில்ஸ்பரோதான் எங்கள் வீடு. முந்தைய உரிமையாளர் தெஜ்போன் சான்சிரி அதைச் சுமார் 6 கோடி பவுண்டுக்குத் தன்னுடைய இன்னொரு நிறுவனத்துக்கே விற்றார். அந்த லாபத்தை 2017–18 கணக்கில் காட்டியது செல்லாது என்று தீர்ப்பானது. 12 புள்ளிகள் தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2020–21 சீசன் முடிந்தபோது எங்களிடம் 41 புள்ளிகள், தப்பிப் பிழைத்த டெர்பி கவுண்டியிடம் 44. அந்த ஆறும் கையில் இருந்திருந்தால் 47. கணக்குப் புத்தகத்தில் நடந்த வேலைக்காக மூன்றாம் அடுக்கில் இரண்டு சீசன் கிடந்தோம். இன்று கிளப், மைதானத்தை வைத்திருக்கும் நிறுவனம் இரண்டும் ஒரே நிர்வாகிகளிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பத்திரத்தில் சேர்த்து விற்க இதைவிட எளிதான நேரம் இனி வராது. மைதானம் கிளப்பின் பெயருக்கே திரும்ப வேண்டும். அதைப் பிரித்து வாங்க நினைக்கும் எவரையும் பேச்சுவார்த்தை மேசைக்கே அழைக்கக் கூடாது.

இரண்டாவது, சம்பளம். 2023 அக்டோபரில் இதே உரிமையாளர், 20,000 ரசிகர்கள் ஆளுக்கு 100 பவுண்டு கொடுத்தால் 20 லட்சம் தேறும், வரிப் பாக்கியும் சம்பளமும் தீரும் என்றார். 2025 மார்ச் முதல் சம்பளம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. பெரிய ஆட்டக்காரர்கள் வேறு கிளப்புக்குப் போய்விடலாம். ஜெர்சி துவைப்பவருக்கும், வாசலில் டிக்கெட் பார்ப்பவருக்கும், விடியற்காலையில் புல்தரையில் வேலை செய்பவருக்கும் அந்த வசதி கிடையாது. சம்பளம் வராத மாதத்திலும் வீட்டு வாடகை முதல் தேதிக்கு வந்து நிற்கிறது. புதிய உரிமையாளர் ஒரு முழு சீசனின் சம்பளத்தைக் கையெழுத்துக்கு முன்பே தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். மாதாமாதம் அதிலிருந்தே பட்டுவாடா நடக்க வேண்டும். கிளப்பையே வாங்கும் அளவு பணம் உள்ளவருக்கு இது பெரிய காரியமில்லை. முடியாது என்பவர் விலகிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, கடன்காரர்கள். ஈடு வைக்காத கடன்களுக்கு பவுண்டுக்கு 25 பென்ஸ் கொடுத்தாலே லீக்கின் விதி நிறைவேறிவிடும்; அதுவும் கொடுக்காவிட்டால் அடுத்த சீசனை 15 புள்ளிகள் குறைவாகத் தொடங்க வேண்டும். ஊர்க்கடைக்காரர் கொடுத்த சாமானுக்குக் கால் பங்கு போதும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சிறு வணிகர்களின் பாக்கியை முழுதாகத் தீர்க்க வேண்டும். 15 புள்ளிகளைப் பணயம் வைக்கும் எந்த விலைப்பேச்சையும் நிர்வாகிகள் ஏற்கக் கூடாது. சான்சிரிக்கு மூன்று ஆண்டுத் தடை விதித்திருக்கிறார்கள். சரி. ஆனால் 18 புள்ளிகளைச் சுமப்பது நாங்கள்தான். உரிமையாளரின் குற்றத்துக்கு உரிமையாளரின் பணத்தையே முதலில் பிடிக்கும்படி லீக் தன் விதியை வரும் கோடைக்குள் மாற்ற வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. இதில் ஒரு நாள் தாமதத்தையும் பொறுக்க மாட்டோம். 1989 ஏப்ரல் 15 அன்று லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நெரிசலில் சிக்கி 97 பேர் உயிரிழந்தது இதே மைதானத்தில்தான். அந்தப் பக்கத்து மாடம் இன்றும் நிற்கிறது. நினைவுச் சின்னத்தில் பூ வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், 2025 ஜூலையில், வடக்கு மாடத்தில் ஆள் உட்கார மாநகராட்சி தடை போட வேண்டியிருந்தது. தடை பிறகு நீங்கியது. ஆனால் எந்தத் தூண், எந்தக் கூரை, என்ன பழுது என்பது அங்கே குழந்தையோடு உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டும். நான்கு மாடங்களின் பொறியாளர் அறிக்கையையும் பழுதுபார்ப்புக்கான தேதிகளையும் பொதுவில் வையுங்கள்.

ஐந்தாவது, நிர்வாகக் குழுவில் ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் இருவருக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். 2025 ஜூலை 21 அன்று கால்பந்து நிர்வாகச் சட்டம் மன்னரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. மைதானத்தை விற்க ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும், சின்னத்தையும் ஜெர்சி நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. எல்லாப் பிரிவுகளும் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் பங்கை நாங்கள் ஏற்கெனவே செய்துவிட்டோம். அக்டோபர் 22 ஆட்டத்தைப் புறக்கணித்தோம். ஏழாயிரம் பேர் அளவில்தான் வந்திருந்தார்கள். பழைய உரிமையாளரின் பிடி விலகியதும், வாங்காமல் ஒதுக்கிவைத்த நீல வெள்ளைச் சட்டைகளுக்காகக் கிளப் கடை வாசலில் வரிசையில் நின்றோம். புறக்கணிப்புக்கு மூன்றாம் நாள் நடந்த ஆட்டத்துக்கு 27,000 பேருக்கு மேல் வந்தோம்.

நிர்வாகிகளே, லீக் பொறுப்பாளர்களே, ஆணையத்தாரே: ஐந்து கோரிக்கைகளுக்கும் பதிலை எழுத்தில், பெயர் போட்டு, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் தாருங்கள்.