துருவுக்கும் தலைவிதிக்கும் என்ன சம்பந்தம்?

நமது கடற்கரைப் பக்கத்தில், அதாவது தூத்துக்குடி முதல் திருச்செந்தூர் வரையிலும், உள்ளே நாசரேத் சுற்றுப்புறம் வரையிலும், ஒரு வீட்டு மேல்தளத்தின் காரை பெயர்ந்து விழுந்துவிட்டால் முதலில் கூப்பிடப்படுகிறவர் கொத்தனார் அல்ல. வாஸ்து பார்க்கிறவரே ஆவார். அவர் வந்து, வாசற்படி தப்பான திக்கில் இருக்கிறது என்பார்; வீட்டுக்காரருக்குச் சனி பிடித்திருக்கிறது என்பார். கிறிஸ்தவர் வீடானால் அவருக்குப் பதிலாக ஜெபக்காரர் வருவார். நல்லெண்ணெய் போய் ஒலிவ எண்ணெய் வருமே தவிர, காரியத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் பணம் கொடுத்த பிறகும் காரை விழுந்துகொண்டுதான் இருக்கும். ஏனென்றால் தளத்துக்குள் இருக்கிற கம்பிக்குத் திக்கும் தெரியாது, ஜெபமும் கேட்காது.

வாஸ்தவத்தில் நடப்பது என்ன? சிமெண்டுக் காரைக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரத்தால் உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் உண்டாகி, அது கம்பியைத் துருவேறாமல் காக்கிறது. ஆனால் கடல்மணலைக் கழுவாமல் கலந்தாலும், உவர்நீரை ஊற்றிக் குழைத்தாலும், கம்பிக்குக் கீழே போதுமான காரை விடாமல் சிக்கனம் பிடித்தாலும், உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைத் துளைத்துவிடுகிறது. தண்ணீரும் காற்றும் சேர்ந்துகொண்டால் இரும்பு துருவாகிறது. துரு இரும்பைப் போல் அடங்கிக் கிடப்பதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அதற்கும் மேலாகப் பருத்து இடம் கேட்கிறது. இடமில்லாதபோது காரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதில் சனி எங்கே வந்தார்?

இந்த விஷயங்களையெல்லாம் ஆராய்வதற்கென்றே நமது வரிப்பணத்தில் ஒரு ஸ்தாபனம் நமது நாட்டிலேயே 70 வருஷங்களுக்கு மேலாக நடந்துவருகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே சொல்லுகிறோம். அந்த ஊரார் சுருக்கமாகச் ‘சிக்ரி’ என்பார்கள். 1942இல் ஏற்பட்ட விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின்கீழ் தேசத்தின் பல பாகங்களில் ஆராய்ச்சிசாலைகள் வைப்பதென்று முடிவானபோது, கோட்டையூர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஒன்றைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் அப்போது உபஜனாதிபதியாயிருந்த ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கோயிலுக்குக் கோபுரம் கட்டவும், குடமுழுக்குச் செய்யவும் பணம் கொட்டுகிற ஒரு சமூகத்தில் பிறந்தவர், உப்பும் இரும்பும் ஆராய்கிற இடத்துக்கு அவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்தார் என்பதை நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

அங்கே நடப்பது மின்சாரத்துக்கும் பொருள்களுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சி. உப்புநீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கின்றன. இந்தத் தொழில் நாசரேத்துக்கு அதிக தூரமில்லாத சாகுபுரத்திலேயே நடக்கிறது. அப்படிப் பாய்ச்சும்போது, முன்காலத்தில் வைத்த கிராபைட் தகடுகள் தேய்ந்துபோகும். அதற்குப் பதிலாக, டைட்டானியத்தின்மேல் பூச்சுக் கொடுத்த தேயாத தகடுகளைச் செய்யும் முறையைக் காரைக்குடிக்காரர்கள் உண்டாக்கினார்கள். கட்டடக் கம்பியின்மேல் சிமெண்டும் பாலிமரும் கலந்து பூசித் துருவைத் தடுக்கும் முறையும் அவர்களுடையதே. இந்தியாவில் எந்தெந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு தின்கிறது என்று படம் போட்டுக் காட்டியவர்களும் அவர்களே. 2018இல் லித்தியம் மின்கலம் செய்யும் முறையை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். அப்படியிருந்தும் நமது சட்டைப் பையிலுள்ள தொலைபேசியின் மின்கலம் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்காகவே இருக்கிறதே, ஏன் என்பது நமது சர்க்காரும் முதலாளிகளும் பதில் சொல்ல வேண்டிய தனி விஷயம்.

நிற்க. இந்த அறிவு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உப்பைத் தண்ணீரில் போட்டால் அது மின்சாரம் ஏறிய துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்று ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் என்ற வாலிபர் 1884இல் எழுதினார். உப்சாலா சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் அதை மதிக்கவில்லை. ஏதோ போனால் போகிறதென்று கீழான தரம் போட்டுப் பட்டம் கொடுத்தார்கள். அதே கருத்துக்காக 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்திலும் பெரியவர்கள் தவறு செய்கிறார்கள். ஆனால் அங்கே பெரியவர் சொல்லுக்குமேல் சோதனைக்குழாய் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மறுபடி செய்து பார்த்து, ‘அய்யா, நீர் சொன்னது தப்பு’ என்று சொல்லலாம். சாஸ்திரத்தில் அதற்கு இடமுண்டா?

நமது நாட்டில் இந்த அறிவு ஏன் முன்னமேயே வளரவில்லை என்றால், இரும்பைத் தொட்டு வேலை செய்தவனுக்குப் படிப்பில்லை என்றும், படித்தவன் இரும்பைத் தொடக்கூடாது என்றும் ஜாதியின் பேரால் வேலி போட்டு வைத்திருந்தோம். உப்பு விளைவிக்கிறவனுக்கு அதன் குணங்கள் கைப்பழக்கத்தில் அத்துப்படி. அவற்றுக்குக் காரணம் என்ன என்று கேட்க அவனை எவரும் விடவில்லை. நாசரேத்தில் 1878இல் மார்காஷிஸ் பாதிரியார் ஒரு கைத்தொழிற் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் மத வேலைக்காக வந்தவர்தான். அதில் நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் எழுத்தையும் உளியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார் பாருங்கள், அந்தக் காரியம் பெரிது. ரசாயனம் என்பதே கையும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலைதானே.

காரைக்குடி நிலையத்தின் கிளை ஒன்று நமது தூத்துக்குடித் துறைமுகத்திலேயே, கடல்நீரில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்வதற்காக இருக்கிறது. மண்டபத்திலும் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்கும் இடம் உண்டு. விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டியைப் பொருத்தினால், கடல் முதலில் துத்தநாகத்தைத் தின்று மற்ற உலோகத்தை விட்டுவைக்கிறது என்பது படகுக்காரருக்குத் தெரியும். ஓர் உலோகத்தைக் கொடுத்து இன்னோர் உலோகத்தைக் காக்கும் இந்த யுக்தியை 1824இலேயே இங்கிலாந்தில் டேவி என்பவர் கப்பல்களில் பரீட்சித்தார். படகுக்கு எலுமிச்சம்பழமும் கட்டுகிறார்கள், கட்டட்டும். துத்தநாகத்தை மறந்துவிட்டு எலுமிச்சம்பழத்தை மட்டும் கட்டுகிறவர் எவரும் இல்லை என்பதே நமக்குப் போதும்.

நாம் கேட்பது என்னவென்றால், இந்த நிலையத்தார் கண்டுபிடித்தவை பெரும்பாலும் இங்கிலீஷ் பத்திரிகைகளில் போய் அடைந்துவிடுகின்றனவே, அவை கொத்தனாரிடம் வருவது எப்போது? பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிசாலையைக் காட்டுகிறார்கள், சந்தோஷம். ஆனால் வீடு கட்டுகிறது பிள்ளைகள் அல்லவே? மணலில் உப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எந்தத் தண்ணீரால் குழைக்கலாம், கம்பிக்குக் கீழே எத்தனை அங்குலம் காரை விட வேண்டும் என்பதை நல்ல தமிழில் ஒரே காகிதத்தில் அச்சடித்து, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு வாஸ்துக்காரர் ஒரு வீட்டில் வாங்குகிற பணம் போதாதா?

நாமும் சும்மா இருக்கக் கூடாது. கவுன்சில் ஏற்பட்ட தினமாகிய செப்டம்பர் 26ஐ ஒட்டி அதன் ஆராய்ச்சிசாலைகளைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. நாசரேத், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்துக் கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் வண்டி ஒன்று பேசிக்கொண்டு போகட்டும். போகும்போது பெயர்ந்து விழுந்த காரையில் ஒரு துண்டும், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலும், கையில் ஒரு பிடி மணலும் கொண்டுபோய் அவர்கள் மேஜைமேல் வைத்து, ‘அய்யா, இதில் உப்பு எவ்வளவு என்று எங்கள் கண்முன்னே பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கட்டும்.