ஃபிராக்டலைப் பார்த்தது போதும், வரையச் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு ஆசிரியர்களும் கணினி ஆசிரியர்களும் கட்டாயம் படிக்கவும். திட்டுவதென்றால் படித்துவிட்டுத் திட்டவும்.

நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத் தருவதில்லை. மனப்பாடம் செய்யக் கற்றுத் தருகிறோம். பிளஸ் டூ புத்தகத்தில் பைதான் இருக்கிறது, சந்தோஷம். அதை வைத்து என்ன செய்கிறோம்? கொடுத்த எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா? 5-இன் ஃபேக்டோரியல் எவ்வளவு? இந்த விடைகள் பிள்ளைக்கு முன்பே தெரியும். தெரிந்த விடைக்கு ஒரு புரோகிராம், அதை ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டோடு சேர்த்துக் காப்பி, செய்முறைத் தேர்வில் ஒப்பிப்பு, மே மாதம் மறதி. இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? கரும்பலகையே போதுமே!

பக்கத்து வகுப்பில் கணக்கு ஆசிரியர் கலப்பெண் நடத்திக்கொண்டிருப்பார். "இது எதுக்கு சார்?" என்று எவனாவது கேட்டால், "பரீட்சைக்கு" என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர். அதை இடிக்க ஃபிராக்டல் போதும் என்பது என் வாதம்.

ஃபிராக்டல் மந்திரமல்ல. ஒரு சின்ன விதி, அதையே விடையின் மேல் திரும்பத் திரும்பச் செய்வது. சுவீடனைச் சேர்ந்த கோக் 1904-இல் சொன்ன விதி இது: ஒரு கோட்டை மூன்று சம துண்டாக்கு. நடுத்துண்டை எடுத்துவிட்டு, அதே நீளமுள்ள இரண்டு துண்டுகளைக் கூரைபோல் வை. இப்போது நாலு துண்டு. ஒவ்வொன்றுக்கும் மறுபடி இதையே செய். முக்கோணத்தின் மூன்று பக்கத்திலும் செய்தால் பனித்துகள் போல ஓர் உருவம் வரும். பைதானில் டர்ட்டில் வைத்து எழுதினால் பத்துப் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பதினைந்து வரிக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சுற்றளவு 4/3 மடங்காகிறது. பத்துச் சுற்றில் கிட்டத்தட்ட 18 மடங்கு. நிறுத்தாமல் போனால் எல்லையே இல்லை. ஆனால் பரப்பளவு? எத்தனை சுற்றுப் போனாலும் தொடக்க முக்கோணத்தின் 1.6 மடங்கைத் தாண்டாது. பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்தான் இது. முடிவில்லாத வேலி, முடிவுள்ள நிலம்! இதைக் கேட்டு ஆச்சரியப்படாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆறாவது சுற்றில் 12,288 கோடுகள் வரைய வேண்டும். டர்ட்டில் ஊர்ந்து ஊர்ந்து போகும். பத்தாவது சுற்றுக்கு 31,45,728 கோடுகள். அடுக்குக்குறி என்றால் என்னவென்று அந்தக் காத்திருப்பே சொல்லிக் கொடுத்துவிடும்.

இப்போது கலப்பெண்ணுக்கு வருவோம். ஒரு கலப்பெண் c எடுத்துக்கொள். 0-இல் தொடங்கு. வர்க்கம் எடுத்து c-ஐக் கூட்டு. வந்ததை மறுபடி வர்க்கம் எடுத்து c-ஐக் கூட்டு. c = 1 என்றால் 1, 2, 5, 26 என்று கைமீறி ஓடும். c = −1 என்றால் −1, 0, −1, 0 என்று அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். ஓடுகிற புள்ளிக்கு வெள்ளை, தங்குகிற புள்ளிக்குக் கறுப்பு. அவ்வளவுதான் மாண்டல்பிராட் கணம். பிரான்சில் ஜூலியாவும் ஃபட்டூவும் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இத்தகைய கணக்குகளை ஆழமாக ஆராய்ந்தவர்கள். ஆனால் கையில் பேனாவும் காகிதமும்தான். 1980-இல் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் மாண்டல்பிராட் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்த பிறகுதான் இதற்குள் இத்தனை சிக்கல் இருப்பது வெளியே தெரிந்தது. 400-க்கு 400 புள்ளி, புள்ளிக்கு அதிகபட்சம் 100 சுற்று என்றால் 1.6 கோடி கணக்கு. அந்த மேதைகளுக்குக் கிடைக்காத கருவி இன்று நம் பள்ளி லேபில் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. நாம் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உடனே என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இதுக்கு மார்க் கிடையாது சார்." மார்க் உள்ள கலப்பெண் பாடம் இதனால்தானே மனதில் நிற்கும்?

"லேப் வேலை செய்யல." சரி, கட்டம் போட்ட நோட்டு இருக்கிறதா? பாஸ்கல் முக்கோணம் போடச் சொல்லுங்கள். எண்கூட எழுத வேண்டாம். ஓரங்கள் கறுப்பு. உள்ளே, மேலிருக்கும் இரண்டு கட்டமும் வேறு வேறு நிறமென்றால் கறுப்பு, ஒரே நிறமென்றால் வெள்ளை. பதினாறு வரி போட்டால் சியர்பின்ஸ்கி முக்கோணம் தானாக எழுந்து வரும். அதுவும் புரோகிராம்தான், ஓட்டுவது பிள்ளையின் கை.

"இப்போ ஏஐ எல்லாத்தையும் எழுதிடுதே?" எழுதட்டும். கோக் புரோகிராமில் 60 பாகை, 120 பாகை என்று இருப்பதை 80, 160 என்று மாற்றினால் படம் என்ன ஆகும் என்று ஓட்டுவதற்கு முன்னால் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். பல் கூர்மையாகும், படமும் சுருங்கும். ஏன் சுருங்குகிறது? இதற்குப் பதில் சொல்பவனுக்குக் கணக்கு தெரியும். புரோகிராமை யார் எழுதினால் என்ன?

கடைசியாக நம் வாட்ஸ்அப் அன்பர்கள். கோலத்தையும் கோபுரத்தையும் காட்டி, "ஃபிராக்டலை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று தினமும் அனுப்புகிறவர்கள். சிக்குக் கோலத்தில் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் ஃபிராக்டல் ஆகிவிடாது. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருதிவாசன், இந்த மூவரும் கோலம் வளரும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதி 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். நம் பாட்டிகளுக்கு உண்மையான மரியாதை அதுதான். கைகூப்பும் பொம்மை போட்டு நாலு குரூப்புக்குத் தள்ளிவிடுவதா மரியாதை?

பள்ளிக்கூடத்து ஆசிரிய நண்பர்களே, பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருடத்துக்கு இரண்டே பீரியட் ஒதுக்குங்கள். ஒன்று கோக், ஒன்று மாண்டல்பிராட். கணக்கு ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நில்லுங்கள். பெற்றோர்களே, கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் பிள்ளை அங்கே எதை வரையப் போகிறது, அதில் எந்த எண்ணை மாற்றிப் பார்க்கப் போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமெண்டில் வாருங்கள். பாஸ்கல் முக்கோணத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் பேச வசதியாக இருக்கும்.