கோர் எண்ணிக்கை மட்டும் போதுமா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கோர் வாங்கலாம்?" என்பதுதான். "கேஷ் எவ்வளவு?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடைக்காரர் தரும் கொட்டேஷனிலும் அந்த வரி இருப்பதில்லை. கூடுதல் கோருக்குக் காசு கொடுக்கும் நாம் இதைக் கேட்காமல் விடுவது தவறு என்பது என் கருத்து.

கேஷ் என்பது பிராசசர் சில்லுக்குள்ளேயே இருக்கும் மெமரி. தேவையான டேட்டா அதில் இல்லையென்றால், மதர்போர்டில் உள்ள ரேம் வரை போய் வர வேண்டும். அதற்குள் நூற்றுக்கணக்கான கிளாக் சுற்றுகள் வீணாகலாம். எட்டு கோர் இருந்தால் எட்டும் ஒரே ரேமைத்தான் நம்பியிருக்கின்றன.

அப்படியென்றால் கேஷைத் தாராளமாக வைக்கலாமே? ஒரு பிட்டைச் சேமிக்க ரேமில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் போதும். கேஷுக்குப் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவை. இடமும் விலையும் எகிறிவிடும். எனவே இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் டிசைனரின் திறமை இருக்கிறது.

2005-ல் வந்த முதல் பென்டியம் டி பிராசசரில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியே 1 எம்பி எல்2 கேஷ். ஒரு கோர் மாற்றிய டேட்டா மற்றதற்கு வேண்டுமென்றால், வெளியே உள்ள பஸ் வழியாகச் சுற்றி வர வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போக பஸ் ஏறிய கதை! 2006-ல் வந்த கோர் 2 டுயோவில் 4 எம்பி வரையிலான எல்2 கேஷை இரண்டு கோர்களுக்கும் பொதுவாக்கினார்கள். ஒன்று சும்மா இருந்தால் மற்றது அதிக இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஏஎம்டி 2022-ல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் பாருங்கள். 5800எக்ஸ் போலவே எட்டு கோர்தான். பூஸ்ட் வேகம் 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. ஆனால் சில்லின் மேல் இன்னொரு சில்லை அடுக்கி, எல்3 கேஷை 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆக்கினார்கள். பல கேம்களில் இதுதான் ஜெயித்தது. ரெண்டரிங் போன்ற வேலைகளில் 5800எக்ஸ் முந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்களைப் போன்ற புரோகிராமர்களும் யோக்கியர்கள் இல்லை. நானே ஒருமுறை நான்கு த்ரெட்களின் கவுண்டர்களை அடுத்தடுத்து வைத்து எழுதிவிட்டேன். நான்கும் ஒரே 64 பைட் கேஷ் லைனில் விழுந்ததால், கோர்கள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்கிக்கொண்டே இருந்தன. ஒரே த்ரெட்டில் ஓடியதைவிட மெதுவாக ஓடியது!

உங்கள் கம்ப்யூட்டரில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, விண்டோஸ் 10 அல்லது 11-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைக் கிளிக் செய்யுங்கள். எல்1, எல்2, எல்3 அளவுகள் கீழே தெரியும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.