கையும் கருத்தும்: ஒரே வயரில் இரண்டு



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மம்மாவின் வீட்டுக்குப் போனோம். அது வாடகை வீடு. மாடியிலுள்ள அவருடைய அறைக்கு லொஃப்டிலிருந்து ஒரே ஒரு வயர்தான் இறங்குகிறது. அது அன்ரனா வயர். பேரப்பிள்ளைகள் அதில் பிரீவியூ பார்க்கிறார்கள். அம்மம்மாவுக்குச் செய்மதியில் வரும் தமிழ் நிகழ்ச்சிகள் வேண்டும். அந்தப் பெட்டி கீழே முன்னறையில் இருக்கிறது. முழங்கால் வலியோடு படி இறங்க அவரால் முடிவதில்லை. மகன் இரண்டாவது பெட்டி வாங்கி வந்தார். ஆனால் சுவரில் இன்னொரு துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

ஒரே வயரில் இரண்டையும் அனுப்பலாம் என்று நாங்கள் வாசித்திருந்தோம். டிஷ்ஷின் முனையிலுள்ள எல்.என்.பி., செய்மதி அலைகளை 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரையான அளவுக்கு இறக்கி வயருக்குள் விடுகிறது. பிரித்தானியாவில் பிரீவியூ வருவது 470க்கும் 694க்கும் இடையில். ஒன்றின் இடத்துக்குள் மற்றது வராததால் இரண்டும் குழம்பாமல் பயணம் செய்யும்.

முதலில் கையிலிருந்த சாதாரண ஸ்பிளிட்டரைப் பூட்டினோம். பிரீவியூ வந்தது. செய்மதிப் பெட்டியோ சிக்னல் இல்லை என்றது. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த வயரில் படம் மட்டும் கீழே வருவதில்லை. மின்சாரமும் மேலே போகிறது. பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எல்.என்.பி.யை இயக்குகிறது. நாங்கள் பூட்டிய ஸ்பிளிட்டர் அந்த மின்சாரத்தைத் தடுத்துவிட்டது.

இதற்குரிய பொருள் டிப்ளெக்சர். உள்ளங்கைக்குள் அடங்கும், மூன்று வாய்கள் உண்டு. இரண்டு வேண்டும். ஒன்று லொஃப்டில், அன்ரனாவையும் டிஷ்ஷையும் சேர்க்க. மற்றது ரீவிக்குப் பின்னால், திரும்பப் பிரிக்க. செய்மதி வாய் மின்சாரத்தை விடும். அன்ரனா வாய் விடாது. டிஷ்ஷின் எல்.என்.பி.யில் பாவிக்காத வாய் ஒன்றும், அதிலிருந்து லொஃப்ட் வரை பழைய வயர் ஒன்றும் இருந்ததால் கூரையில் ஏற வேண்டிய தேவை வரவில்லை. கூரை வேலையை எப்போதும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

அதைப் பூட்டிய பிறகும் படம் வரவில்லை! ஒரு கனெக்டரைக் கழற்றிப் பார்த்தோம். வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியின் மின்இணைப்பைக் கழற்றிவிட்டு இழையை வெட்டினோம். படம் வந்தது. ரீவியில் ஆங்கிலச் செய்தி. பொத்தானை மாற்றினால் தமிழ். அம்மம்மா கேட்டார்: "பிள்ளையள், உங்கட இங்கிலிசும் என்ர தமிழும் ஒரே வயரிலயோ வருது?"

வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி எங்களோடு வந்தது. ஞாயிறு ஆராதனை தமிழிலா ஆங்கிலத்திலா என்று எத்தனை கூட்டங்களில் பேசிவிட்டோம்! தமிழ்ப் பிரசங்கம் விளங்காமல் பின்வரிசையில் போனைப் பார்ப்பவர்கள் நாங்கள். நாங்கள் ஆங்கிலத்தில் பாடினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் பெரியவர்கள். இரண்டையும் ஒரே மணித்தியாலத்தில் போட்டுவிட்டால் ஒருமைப்பாடு என்று நினைத்தோம். ஆனால் சேர்ப்பது பாதி வேலைதான். மறுமுனையில் ஒவ்வொருவருக்கும் விளங்கும்படி பிரித்துக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும். எங்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இருக்கிறோம். பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க எத்தனை பேர் முன்வந்தோம்?

இன்னொன்றும் உண்மை. சில புதிய எல்.என்.பி.கள் 290 முதல் 2340 மெகாஹேர்ட்ஸ் வரை முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். அங்கே பிரீவியூவுக்கு இடமில்லை, டிப்ளெக்சரும் உதவாது, இரண்டாவது வயர்தான் போட வேண்டும். அதுபோல வாலிபருக்கென்று தனியாக ஒரு ஆங்கில வேதபாடம் தேவைப்பட்டால், அது பிரிவினை அல்ல. இரண்டு வயரும் ஒரே வீட்டுக்குத்தான் வருகின்றன.

1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் பெரியவர்களோடு வாசியுங்கள். ஒரு வசனம் தமிழில், அடுத்தது ஆங்கிலத்தில். விளங்காத சொல்லை ஒருவரிடம் ஒருவர் கேளுங்கள். எங்கேயாவது ஒரு இழை தவறான இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கர்த்தர் அதைக் காட்டித் தரும்படி ஜெபிப்போம்.