முன்னூற்றுப் பதினைந்து வேண்டாம்

ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் இன்னும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஓய்வு பெற்றும் இந்த ஒரு வேலை மட்டும் விட்டபாடில்லை. போன மாதம் கேட்டவன் தொண்டாமுத்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் உறவுக்காரப் பையன்.

"மாமா, லைசென்ஸ் வந்துருச்சுங்க. முன்னூத்திப் பதினஞ்சு ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கறனுங்க. கிளப்புல டார்கெட் சுட்டுப் பழகுன மாதிரியும் ஆச்சு, காட்டுப்பன்னிக்கும் ஆச்சு" என்றான்.

வேண்டாம் கண்ணு என்றேன். ஏன் வேண்டாம் என்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும்.

முதலில் இந்த .315-இன் கதை. மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் தயாராவது. பழைய லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியின் வாரிசு. வெள்ளைக்காரன் காலத்தில் .303 தோட்டா ராணுவத்துக்கு உரியது. பொதுமக்கள் கையில் அது போய்விடக் கூடாது என்று தடை. அதனால் அதே அமைப்பில் வேறு தோட்டாவுக்கு, ஆஸ்திரியாவின் பழைய 8 எம்எம் மான்லிக்கர் தோட்டாவுக்கு, அறை வெட்டிக் கொடுத்தார்கள். ஆக இந்தத் துப்பாக்கி பிறந்ததே ஒரு சட்டத் தடையைச் சுற்றிப் போவதற்காக. குறி தவறாமல் சுட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை.

உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். மண்ணிலும் மழையிலும் போட்டாலும் வேலை செய்யும். போல்ட்டை வேகமாக இழுத்துத் தள்ளலாம். ஆனால் அந்த போல்ட் பூட்டிக்கொள்வது பின்பக்கத்தில். இன்றைய நல்ல ரைஃபிள்களில் தோட்டாவுக்கு ஒட்டினாற்போல முன்னாலேயே பூட்டும். குறிக்கு அதுதான் நல்லது. இன்னொன்று, குழலை ஒட்டி வரும் மரக்கட்டை. ஐப்பசி மழையில் மரம் ஊறினால் குழலை ஒரு பக்கமாக அழுத்தும். சித்திரையில் சரியாக விழுந்த குண்டு இப்போது வேறு இடத்தில் விழும். எங்கள் கதவு மழைக்காலத்தில் சாத்த வராத மாதிரிதான்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கு என்றே தனி வகை உண்டு. அங்கே மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் ப்ரெய்ரி டாக் போன்ற சின்னப் பிராணிகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்காக 'வார்மின்ட்' ரைஃபிள் என்று தொழிற்சாலையிலேயே செய்து விற்கிறார்கள். ரெமிங்டன் 700-இல் 26 அங்குல நீளத்துக்குக் கனத்த குழல் போட்டு வருவது அந்த ரகம். பிராணி சின்னது, தூரம் அதிகம். அதனால் லேசான, வேகமான குண்டு; சூடேறினாலும் சட்டென்று குறி மாறாத கனமான குழல்; ஸ்கோப். டார்கெட்டுக்கும் பூச்சி புழுவுக்கும் ஒரே துப்பாக்கி என்பது அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் இரண்டுக்கும் தேவை ஒன்றே. நம் ஊரில் சேதம் செய்வது ஒரு குவிண்டால் எடைவரை வளரக்கூடிய பன்றி. அட்டையில் சுடத் தோதான துப்பாக்கி அதற்குப் போதாது. அதற்குப் போதுமான துப்பாக்கி அட்டைக்குத் தோதில்லை.

கிளப்பில் சுட என்றால் .22 தான். எங்கள் காலத்து என்.சி.சி.க்காரர்களுக்கு இது புதிதில்லை. குப்புறப் படுத்து, மூச்சை நிறுத்தி ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு, அப்புறம் புல்-த்ரூவில் சிந்தித் துணியைக் கோத்துக் குழலை இழுத்தோமே, அதே .22. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இந்தத் தோட்டாவில்தான்; அவரும் அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அரசாங்கச் சம்பளக்காரர். 50 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. அதை .315-ஐ வைத்துக்கொண்டு பழகப் போகிறேன் என்றால், தோட்டாவுக்கே சொத்தை எழுதி வைக்க வேண்டும்.

எந்த .22? எண்பதுகளின் நடுவிலிருந்து தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழியில்லை. பெயரெடுத்த போட்டியாளர்களுக்கு மட்டும் விலக்கு. எனவே அரசுத் தொழிற்சாலையின் புது .22, அல்லது அதற்கு முன்பே வந்து கைமாறிக்கொண்டிருக்கும் பழைய பிர்னோ, பி.எஸ்.ஏ. மாதிரிகள். நல்ல நிலையில் கிடைத்தால் செக் நாட்டு பிர்னோவுக்கே என் ஓட்டு. ஆனால் 'நல்ல நிலை' என்பதைப் பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். மரத்துக்கு வார்னிஷ் அடிக்க ஒரு நாள் போதும். போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். உள்வரிகள் முனைவரை கூராகத் தெரிய வேண்டும். குழலின் வாய் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாகவே விட்டுச் சுத்தம் செய்திருந்தால் அந்த விளிம்பு தேய்ந்திருக்கும், குண்டு சிதறும். கனத்த குழலுள்ள டார்கெட் ரைஃபிள் என்றால் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பத்து ரூபாய்த் தாளை விட்டு இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். கடையில் வெறும் துப்பாக்கியை 'டக் டக்'கென்று அழுத்திப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. .22-இல் அது ஆகாது. ஊசி நேராகக் குழல் விளிம்பில் இடித்து இரண்டும் கெடும்.

மிச்சப்படும் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள். ஒவ்வொரு .22-க்கும் ஒரு தோட்டா ஒத்துவரும், இன்னொன்று வராது. நாலு வகை வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் துப்பாக்கியைக் குறை சொல்வது அநியாயம்.

இனி பன்றி. இங்கேதான் பையனுக்கு என்மேல் வருத்தம். ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போனதை நானும் நேரில் பார்த்தேன். அவன் அம்மா வரப்பில் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. அந்தக் கஷ்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கையில் உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட முடியாது. துப்பாக்கி 1959 ஆம் ஆண்டுச் சட்டம். பன்றி 1972 ஆம் ஆண்டுச் சட்டம். முதலாவதில் கிடைத்த அனுமதி இரண்டாவதில் செல்லாது. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்கள் உத்தரவிட்டு, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுடச் செய்யலாம். நம் மாநிலத்தில் 2025 தொடக்கத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை. பையனின் தோட்டமோ காட்டை ஒட்டியே இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். இருட்டில், சோளத்தட்டு அசைவதைப் பார்த்துத் திறந்த குறியில் சுட்டால் எங்கே படும்? வயிற்றில் குண்டு வாங்கிய பன்றி அங்கேயே விழாது. ஓடைப் புதருக்குள் போய்ப் படுத்திருக்கும். காலையில் தண்ணீர் திருப்பப் போகிறவர் யாரோ, அவர் தொடையைக் கிழிக்கும். படாத குண்டு இன்னும் மோசம். சின்ன .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல்வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள்; .315 அதைவிடத் தூரம் போகும். நம் தோட்டங்களில் பின்னால் மண்மேடு கிடையாது, அடுத்தவர் சாளைதான் இருக்கிறது.

கேரளம் போல இங்கேயும் உரிமம் உள்ளவர்களைப் பயன்படுத்த வேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். மின்வேலி வைத்தும் அவுட்டுக்காய் வைத்தும் யானையையும் மாட்டையும் சேர்த்துக் கொல்வதைவிட அது மேல். ஆனால் கிளப்பில் சுட்டுக்காட்டித் தேறியவர்களை மட்டும், பகலில் பரண் மேலிருந்து கீழ்நோக்கி, குண்டு மண்ணில் இறங்கும்படி சுட அனுமதிக்கட்டும். அப்போது எந்தத் துப்பாக்கி என்ற பேச்சை மறுபடி எடுக்கலாம்.

பையன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு போன் செய்து, பொள்ளாச்சியில் ஒருவர் பழைய பிர்னோ ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார், வந்து குழலைப் பார்த்துக் கொடுங்கள் மாமா என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கைவிளக்கும் ஒரு பத்து ரூபாய்த் தாளும் எடுத்து வைத்துவிட்டேன்.